கல்லைத் தொட்டுத் திரும்பியவன்

யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை நான். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். வாடகைக்கு எடுத்த வண்டியை எங்கேயும் மோதவில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டே, கோணிப்போன ஹேண்டில்பாரோடு வந்து நிற்பார்கள். பார்த்துப் பார்த்துப் புத்தி அப்படி ஆகிவிட்டது. அதனால் 1982 ஆவணியில் என் தங்கை பொன்னாயி கடைக்கு வந்து தன் புருஷனைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

"அண்ணே, அவரு விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சுப் போயிடுறாரு. திரும்பி வரப்ப சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. எங்க போனீங்கன்னு கேட்டா சும்மா ஓடிட்டு வந்தேங்கறாரு. யாராச்சும் சும்மா ஓடுவாங்களாண்ணே?"

"எவளோ இருக்கா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள், "இருந்தா அவரு காலை ஒடிச்சிட்டு வந்து சொல்லு" என்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான்.

அவள் புருஷன் மதுரைவீரன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அரியலூருக்கு மேற்கே எட்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர்; அங்கே நாங்கள் எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரத்தில் டைனமோவைத் தட்டிவிட்டு, விளக்கில்லாமல் சைக்கிளில் அவன் பின்னால் போனேன். பெரம்பலூர் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினான். எங்கள் ஊரிலிருந்து ஐந்தாவது கிலோமீட்டர் கல்லுக்கு வந்தான், குனிந்து அதைக் கையால் தொட்டான், திரும்பி ஓடிவந்தான். சோளக்கொல்லை, பம்புசெட் கொட்டகை, ஒன்றிலும் நுழையவில்லை. பொம்பளை எவளும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. உள்ளதைச் சொல்கிறேன், கோபமும் வந்தது.

"நில்லுடா மச்சான்! எதுக்குடா இந்த ஓட்டம்?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். வருகிற தை மாதம் சிமெண்ட் ஆலைக்காரர்கள் ஓட்டப்பந்தயம் வைக்கிறார்களாம். மாரத்தான் என்று பேராம். அரியலூரில் கிளம்பி, பெரம்பலூர் தாண்டி, வேப்பந்தட்டைப் பக்கத்தில் முடியுமாம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முதல் ஐந்து பேருக்கு ஆலையில் நிரந்தர வேலை.

"யாரு சொன்னா?"

"சூப்பர்வைசர் காசிநாதன் சார்."

"அந்தாளு சொன்னா நம்பிடுவியா? நாப்பத்திரண்டு கிலோமீட்டர் மனுசன் ஓடுவானாடா?"

"எங்கப்பன் ஓடலையா?" என்றான்.

அவன் அப்பன் சாமிதுரை ஊருக்கு இழவு சொல்லும் ஆள். ஊர்த்தெருவில் ஒரு உயிர் போனால் போதும், சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் அவர்தான் ஓடவேண்டும். பிணம் காத்திருக்காது அல்லவா? வாசலுக்கு வெளியே நின்று சேதியைச் சொல்வார். சொன்னதும் நிற்காமல் திரும்பிவிடுவார். தாகம் என்றால் கையை ஏந்தவேண்டும், தூக்கி ஊற்றுவார்கள். ஒரு மரக்கால் நெல்லும் துண்டும் கூலி. அவர் செத்தபிறகு அந்த வேலை மகன் தலையில் விழுந்தது. மதுரைவீரன் கால்வலி என்று சொல்லியே நான்கு சாவைத் தள்ளிவிட்டிருந்தான். அப்படியே எத்தனை நாளைக்குத் தள்ளமுடியும்? ஊராரின் கொல்லையில் பொன்னாயி களையெடுத்தால்தான் பாதி வயிறு நிறையும். ஆலையில் நிரந்தரமானால் அவனை எவனும் எங்கேயும் ஏவ முடியாது. அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

அன்றிலிருந்து நானும் சைக்கிளில் கூடப் போனேன். உதவிக்கு என்று ஊரில் சொன்னேன். உண்மையில், பாதி வழியில் லாரியைப் பிடித்து ஏறிக்கொள்கிறானோ என்று பார்க்கத்தான் போனேன். கிலோமீட்டர் கல்லையும் நான் நம்பவில்லை. சக்கரக் கம்பியில் சிவப்புத் துணியைக் கட்டி, அந்தச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது கல்லிலேயே கணக்கு விட்டுப்போய்விட்டது.

புரட்டாசியில் பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்பினான். சந்தையில் பழைய கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கினான், அளவு பெரிசு. துணியைத் திணித்து ஓடியதில் குதிகால் கொப்புளம் வெடித்துச் சீழ் வைத்தது. ஷூவை வீசிவிட்டு மறுபடி வெறுங்கால். ஐப்பசி மழையில் முழங்கால் வீங்கி இருபது நாள் படுத்துவிட்டான். பொன்னாயி பத்துப் போட்டுப் போட்டு, "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று கத்தினாள். எழுந்து ஓடிய முதல் நாள் மூன்றாவது கல்லிலேயே உட்கார்ந்து அழுதான். விடிகாலை ஓட்டம், பகலெல்லாம் கல் உடைப்பு, குடிக்கக் கம்பங்கூழ். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. இளைப்பு நோய் என்று தெருவே முணுமுணுத்தது. அவனோ கார்த்திகைக் கடைசியில் பழையபடி பதினைந்தாவது கல்லைத் தொட்டான்.

அந்தக் கல்தான் வம்பை இழுத்துவிட்டது. அது ரோட்டோரத்து ஊர் ஒன்றில், முத்தாயி என்கிற அம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. முத்தாயி எங்கள் ஊரில் பிறந்தவள், பெரிய வீட்டு வீரமுத்துவின் அக்கா. அவளுடைய தாய் சின்னம்மாளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று பேச்சு.

அன்று நான் வரவில்லை, கடையில் பஞ்சர் வேலை. முத்தாயி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாளாம். அவன் முன்பு வந்துபோனது எதுவும் அவள் கண்ணில் பட்டதில்லை. சாமிதுரை மகன் தலைதெறிக்க ஓடிவருகிறான். வாசலுக்கு எதிரே வந்தான், குனிந்தான், நிற்காமல் திரும்பி ஓடினான். வேறென்ன வேண்டும்? வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "என்னைப் பெத்தவளே!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பயல் திரும்பிப் பார்த்திருக்கிறான், ஒன்றும் புரியாமல் இன்னும் வேகமாக ஓடியிருக்கிறான்.

மத்தியானம் கோடித்துணி, மாலையோடு இரண்டு டிராக்டர் எங்கள் ஊரில் வந்து நின்றது. சின்னம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுடி. நான் செத்தா எவ எப்படி அழுவான்னு பாத்துக்கிட்டேன்" என்று கிழவி சிரித்தாளாம். வீரமுத்து சிரிக்கவில்லை. ஆள் விட்டு மதுரைவீரனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, இழவு சொல்லப் போடான்னா கால் வலிக்குதுங்கற. சும்மா ஓடறதுக்கு மட்டும் காலு இருக்கா? எதுக்குடா ஓடுற, எவன் வூட்டுல கை வைக்கப் பாத்து வச்சிட்டு வர?"

"பந்தயத்துக்குங்க."

"பந்தயமாம்! உன்னையெல்லாம் எவன்டா பந்தயத்துக்குக் கூப்புட்டான்?"

"ஓடட்டும் விடுடா. உன் காலயா கேட்டான்?" என்று உள்ளேயிருந்து கிழவி குரல் கொடுத்தாள். அத்தோடு விட்டார்கள்.

தை பிறந்தது. பந்தயத்தன்று விடிகாலையில் நாங்கள் அரியலூருக்குக் கிளம்பும்போது வீரமுத்துவே எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றார். அம்மா போய்விட்டாள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தயத்தைக் கெடுக்க நாடகம் போடுகிறார்கள் என்றே நினைத்தேன். ஓடிப்போய் அவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தேன். கிழவியைக் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது வீரமுத்து சொல்லிக்கொண்டிருந்தார்: "பந்தயத்துக்காகப் பத்து மணி வரைக்கும் பஸ்ஸு இல்லியாம். எப்படியும் அக்கா வூட்டு வழியாத்தான ஓடுற? அப்படியே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா."

மதுரைவீரன் சைக்கிளின் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். வழி முழுக்க நான் கத்திக்கொண்டே வந்தேன். "நின்னீன்னா செருப்பால அடிப்பேன். இன்னைக்கு நின்னா ஆயுசுக்கும் உன்னை நிக்கவச்சிடுவானுவ!"

நூற்றுப் பத்துப் பேர் ஓடினார்கள். திருச்சியிலிருந்து வந்தவர்களெல்லாம் பனியனும் ஷூவுமாக இருந்தார்கள். முத்தாயி ஊருக்கு அவன் நான்காவது ஆளாக வந்தான். நான் முன்னாலேயே போய் அந்தக் கல்லருகே நின்றிருந்தேன். ஊரே வேடிக்கை பார்க்க ரோட்டில் நின்றது. முத்தாயி முன்வரிசையில். அவளிடம் நானும் சொல்லவில்லை. நான் ஏன் சொல்லவேண்டும் என்கிற வீம்புதான்.

அவனைப் பார்த்ததும் அவள் கைதட்டிச் சிரித்தாள். "டேய் வீரா, இன்னைக்கு நாங்க ஏமாற மாட்டோம்டா! ஓடு, ஓடு!"

ஊரே சிரித்தது. அவன் கல் வரைக்கும் வந்தான். நின்றுவிட்டான்.

அவள் எதிரில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "நெசமாவா?" என்றாள். தலையை ஆட்டினான். அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள். நான்கு பேர் எங்களைத் தாண்டி ஓடினார்கள். "போடா! போய்த் தொலைடா!" என்று நான் அவன் முதுகில் அடித்துத் தள்ளினேன்.

எட்டாவதாக வந்தான். வேலை ஐந்து பேருக்குத்தான்.

"அந்தாளு ஏவுனா நின்னுடுவியாடா?" என்று கேட்டேன்.

"அவரு ஏவுனதுக்கு நான் நிக்கல மச்சான். அந்தம்மா சிரிச்சிட்டு நின்னுச்சே, எனக்கு மனசு கேக்கல. பெத்த ஆத்தா மூஞ்சிய அது கடைசியாப் பாக்கவேணாமா?"

காரியம் முடிந்ததும் வீரமுத்து வீட்டிலிருந்து ஒரு மரக்கால் நெல்லும் துண்டும் வந்தன. பொன்னாயி வாசலிலேயே மறித்துவிட்டாள். "எங்க வூட்டுக்காரரு சேதி சொல்லப் போவல. பந்தயம் ஓடப் போனாரு. கூலிய எடுத்துக்கிட்டுப் போங்க." அந்த வருஷம் பெரிய வீட்டுக் கொல்லைகளில் எங்கள் தெருப் பெண்களைக் களையெடுக்கக் கூப்பிடவில்லை. பட்டினி என்றால் பட்டினிதான். அவன் மறுபடி ஓட ஆரம்பித்தான். நானும் சைக்கிளை எடுத்தேன். இந்தத் தடவை லாரியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த தையிலும் பந்தயம் அதே ரோட்டில்தான். முத்தாயி ஊருக்கு ஐந்தாவதாக வந்தான். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபடி அதே கல்லருகே நின்றாள், கையில் பித்தளைச் சொம்பு. "நிக்காதடா!" என்று கத்தினேன். அவள் ரோட்டில் இறங்கி அவன் கூடவே நாலு எட்டு ஓடி, சொம்பை நீட்டினாள். அவன் நிற்கவில்லை. சொம்பைப் பிடுங்கினான், ஓட்டத்தில் தூக்கி ஊற்றவா முடியும், வாய் வைத்துக் குடித்தான், அதையும் எடுத்துக்கொண்டே ஓடிவிட்டான்.

ஒருத்தனை முந்தி நான்காவதாகக் கோட்டைத் தொட்டபோதும் சொம்பு கையில்தான் இருந்தது. காசிநாதன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சொம்பின் வயிற்றில் 'மு. முத்தாயி' என்று பேர் வெட்டியிருந்தது.

"எங்கடா தூக்கிட்டு வந்த இதை?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுறவன் நடுவுல சொம்பு திருடுவானா சார்? ஆளு அனுப்பிக் கேட்டுக்கங்க!" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன். பங்குனியில் ஆர்டர் வந்தது. மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று பேரும் நிரந்தர வேலை என்றேதான் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொம்பைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேரும் போனோம். முத்தாயி வாசலில் நின்றாள்.

"சொம்புதான, நீயே வச்சிக்கயேன் வீரா" என்றாள்.

நான் அவன் காதில் சொன்னேன்: "பாத்தியா? நீ வாய் வச்சதை வாங்க மாட்டா. வா போவலாம்."

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. "உங்க பேரு வெட்டியிருக்குங்க. என் வூட்டுல இருந்தா திருட்டுச் சொம்புன்னு ஆயிடும்."

அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. குடத்தில் முக்குகிற சத்தம்தான் கேட்டது. தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.

"நல்ல வெயிலு" என்று சொல்லிவிட்டு, எங்கள் எதிரிலேயே சொம்பைத் தூக்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள் என்றுதான் நான் இருந்தேன். நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை, அதனால் நன்றாகப் பார்த்தேன். வாய் வைத்துத்தான் குடித்தாள்.