மப்டி வண்டியிடம் மாட்டிக்கொள்ளப் போனேன்

1. முதல் நாளே மாட்டினேன்

ஒரகடம் பக்கம் கம்பெனி வேன் ஓட்ட வந்த முதல் நாளே நான் மப்டி வண்டியிடம் மாட்டினேன். படப்பை தாண்டிப் புளியமர நிழலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. யாரோ கல்யாணத்துக்கு வந்து வழி தெரியாமல் நிற்கிறார்கள் என்று நினைத்து, அதன் பக்கத்திலேயே விரட்டிக்கொண்டு போனேன். அடுத்த நிமிடம் அதே கார் என்னை முந்தி வந்து குறுக்கே நின்றது. கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் இறங்கி வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, வண்டில இன்னா திருவிழாவா? இவ்ளோ பேரு நின்னுக்கினு வர்றாங்க?"

அவர் போலீஸ் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலைக்குப் போக வேனில் ஏறியிருந்த பெண்களை எல்லாம் கீழே இறக்கி, வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டச் சொன்னார். அவர்கள் வெயிலில் ஷேர் ஆட்டோ தேடி அலைந்தார்கள். எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் கட். ஒரு வாரம் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான்.

புதிதாக வேன் ஓட்ட வரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: மப்டி வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒன்றும் படிப்பு வேண்டாம். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பயனில்லை, அது எல்லாக் கார் மாதிரியும்தான் இருக்கும். ஜன்னலைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு நிற்கிற நல்ல கார் என்றால் சந்தேகப்படலாம். சொந்தக் கார் வைத்திருப்பவன் ஏ.சி. போடாமல் உட்கார மாட்டான். சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். எப்போதும் மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவார்கள். டீ குடிக்க இறங்க மாட்டார்கள், கடைக்காரரே கொண்டுவந்து கொடுப்பார். இறங்கினால் கால் காட்டிக்கொடுத்துவிடும். சட்டை பேன்ட் எதுவாக இருந்தாலும் ஷூ மட்டும் பிரவுன் ஷூதான்.

அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் எதிரே வருகிற வண்டிக்கு ஹெட்லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். எந்தக் கான்ட்ராக்டர் வண்டி, எந்த ஊர் டிரைவர் என்று பார்க்கக் கூடாது. இதை மீறினவனோடு எங்கள் லைனில் யாரும் டீ கூடக் குடிக்க மாட்டார்கள். ஆளை அடைத்து ஏற்றுவது எங்கள் ஆசை இல்லை. மூன்று வேன் ஓட வேண்டிய ரூட்டில் கான்ட்ராக்டர் இரண்டுதான் விடுவார். மாட்டினால் கேஸ் மட்டும் டிரைவர் பேரில்.

சில வருடத்தில் எனக்கு நல்ல பேர் வந்துவிட்டது. "தாஸண்ணன் கண்ணுல மப்டி தப்பாது" என்பார்கள். எனக்கும் தலைக்கனம் இருந்தது. இருந்து என்ன புண்ணியம், மேலே படியுங்கள்.

2. பெடல் கீழே போனது

கடைசியாக எனக்குக் கொடுத்த வேன் பழையது. மணிமங்கலத்தில் ஆள் எடுத்து, படப்பையில் நிரப்பி, ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் இறக்குவது வேலை. அதே கம்பெனியில் என் மனைவி ஸ்டெல்லாவும் கான்ட்ராக்ட் வேலைதான், அங்கே ஆள் விடுவதும் எங்கள் வேன் கான்ட்ராக்டரேதான். என் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து வருவாள். வேனில் ஏறும்போதுதான் அட்டெண்டன்ஸ். வேறு எதில் வந்து கேட்டில் நின்றாலும் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் காலை ஒரகடம் மேம்பாலத்தில் இருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் ஒன்றும் பிடிக்காமல் அடி வரைக்கும் போனது. திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, முன்னால் நின்ற கன்டெய்னர் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். பெண்கள் யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்டி வேர்க்குது?"

மெக்கானிக்கிடம் காட்டினேன். மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, லைனிங்கும் தேய்ந்துவிட்டது, இதை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகாதே என்றான். நேராக டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் பாபுவிடம் போய்ச் சொன்னேன். அவன் போனில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஷட்டவுன் வருதுல்லண்ணே. கம்பெனி மூடுவாங்க, அப்ப வண்டிய ஒர்க்‌ஷாப்ல வுட்டுக்கலாம். இப்ப ஸ்பேர் வண்டி இல்ல."

"அதுக்கு இன்னும் மாசக்கணக்குல கீது பாபு. ஆளுங்கள ஏத்திக்கினு போறேன்பா."

"பம்ப் பண்ணி ஓட்டுண்ணே. உனக்குத் தெரியாததா?"

ஓட்ட மாட்டேன் என்று சாவியை வைத்துவிடலாம். வைத்தால் அடுத்த மணியே வேறு ஆள் அதை எடுப்பான், ஸ்டெல்லா அதில்தான் போவாள். ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுத்தால் பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதுவார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாமே போய் மப்டியிடம் மாட்டிக்கொண்டால் என்ன? ஓவர்லோடுக்குப் பிடிப்பார்கள். பிடித்தால் பிரேக்கையும் பார்க்கச் சொல்லலாம். வண்டியை ஸ்டேஷனில் போட்டுவிட்டால் கான்ட்ராக்டருக்கு வேறு வழி இல்லை. சொன்னவன் பேரும் வெளியே வராது. மாட்டாமல் ஓட்டியே பேர் வாங்கியவனுக்கு மாட்டத் தெரியாதா என்று நினைத்தேன்.

3. லைட் அடித்தார்கள்

அந்த வாரம் வைப்பூர் கூட்டுரோடு பக்கத்தில் புதிதாக ஒரு சாம்பல் நிறக் கார் நிற்க ஆரம்பித்திருந்தது. கண்ணாடி இறக்கி, துண்டு விரித்து, மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்கும். உள்ளே ஒட்ட வெட்டிய கிராப்போடு ஒருவர். எல்லா அடையாளமும் இருந்தது. எங்கள் ஆட்கள் அதற்கு லைட் அடித்து அடித்தே பல்பைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனேன். எதிரே வந்த முதல் வேன் லைட் அடித்தது. பார்க்காத மாதிரி போனேன். அடுத்து வந்த பஸ்ஸும் அடித்தது. மூன்றாவதாக வந்தவன் ஏழுமலை. என்னோடு அதே கான்ட்ராக்டரிடம் ஓட்டுபவன், நல்ல சிநேகிதன். நான் திரும்பாததைப் பார்த்து, வண்டியையே என் முன்னால் ஒடித்து நிறுத்தினான்.

"அண்ணே, தூங்கறியா? முன்னாடி மப்டி நிக்குதுண்ணே. ஏரிக்கரை ரோட்டுல வுடு."

"பரவால்ல வுடுறா, நான் போறேன்."

"இன்னாண்ணே பேசற நீ?"

அவ்வளவுதான், வேனுக்குள் இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். திரும்புண்ணே, திரும்புண்ணே என்று ஒரே சத்தம். அரை நாள் சம்பளம் போனால் யார் தருவது என்று ஒருத்தி கேட்டாள். ஸ்டெல்லாவே என் தோளைத் தட்டினாள்.

"திருப்புய்யா வண்டிய. எல்லாரும் சொல்றாங்கல்ல."

பிரேக் இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள், அவர்களுக்கு ஆப்சென்ட் விழும், மீதிப் பேர் அதே வண்டியில் வருவார்கள். தலையில் அடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் திருப்பினேன். அந்த மேடு பள்ளத்தில் பெடலை மிதித்து மிதித்தே என் கால் மரத்துப் போனது. மனுஷனை மாட்டிக்கொள்ளக்கூட விட மாட்டேன் என்கிறார்களே என்று அழுகையே வந்தது.

4. சாம்பல் நிறக் கார்

ஆளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது அந்தக் காருக்கு எதிரிலேயே மெதுவாகப் போனேன். அவர் பார்த்தார், நிறுத்தவில்லை. காலி வண்டியில் என்ன கேஸ் கிடைக்கும் என்று விட்டுவிட்டார் போல என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வேனை ஓரம் கட்டிவிட்டு நடந்து போனேன். கதவைத் திறந்து காலை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தார். பிரவுன் ஷூ.

"வணக்கம் சார். ஒரு விஷயம் சொல்லணும் சார். என் பேரு வெளிய வரக் கூடாது."

"சொல்லுப்பா. பயப்படாத."

நிதானமான குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். கான்ட்ராக்டர் பேர், பாபு சொன்னது, பெடல் கீழே போனது, எல்லாம். நாளைக்குக் காலையில் நான் வரும்போது தற்செயலாகப் பிடிப்பது மாதிரி என்னைப் பிடித்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பிரேக் இல்லன்னு எழுதிக் குடுத்தியா?"

"இல்ல சார், வாயால சொன்னதுதான்."

"சரி. இவ்வளவு அக்கறையா வந்து சொல்றியே, வண்டில சொந்தக்காரங்க யாராச்சும் வர்றாங்களா?"

"என் சம்சாரமே அதுலதான் சார் வருது. வயர் லைன்ல வேலை செய்யுது. ஸ்டெல்லான்னு பேரு."

"அதான பாத்தேன். நீ போ, நான் பாத்துக்கறேன்."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம், இனி கவலை இல்லை, நாளையோடு அந்த வண்டிக்கு விடிவு காலம் என்று சொன்னேன். பிரேக் விஷயத்தை அவளுக்கு முழுதாகச் சொன்னதும் அன்றைக்குத்தான். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

5. சாவி

மறுநாள் கான்ட்ராக்டர் வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் போனால் அந்தச் சாம்பல் நிறக் கார் உள்ளே நிற்கிறது. ரெய்டே வந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம். ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் பாபுவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாபு நின்றுகொண்டிருந்தான்.

"வாண்ணே. சாரத் தெரியும்ல? டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆகி, போன வாரம் நம்மகிட்ட ஜாயின் பண்ணிகிறாரு. லயசன் ஆபீசரு, போலீஸ் ஆர்டிஓன்னா இனிமே சாருதான் பேசுவாரு. எந்த வண்டி எத்தினி மணிக்குப் போவுதுன்னு ரோட்டுல நின்னு பாக்கறாரு."

கார் டிபார்ட்மென்ட் ஏலத்தில் எடுத்ததாம். கண்ணாடியை இறக்கி வைப்பது, துண்டு விரிப்பது, ஷூ எல்லாம் அவருக்கு முப்பது வருடப் பழக்கம். ரோடு முழுக்க நாங்கள் லைட் அடித்துப் பயந்தது எங்கள் முதலாளி வைத்த ஆளுக்கு. இத்தனை வேனில் ஒருவனுக்கும் அது தெரியவில்லை. பெரிய கண்ணு என்று பேர் வாங்கிய நான்தான் நேரே போய்க் கும்பிட்டிருக்கிறேன்.

"சாவியைக் குடுத்துடு தாஸ்" என்றார் அவர். குரல் நேற்று மாதிரியே நிதானமாகத்தான் இருந்தது. "வெளிய போய் எங்கயும் பேசிக்கினு இருக்காத. உன் சம்சாரம் நம்ம லைன்லதான வேலை செய்யுது? நல்லா செய்யட்டும்."

அவள் பேரை அவருக்குச் சொன்னவனே நான்தானே. சாவியை மேஜை மேல் வைத்தேன்.

வெளியே ஏழுமலை நின்றான். என் வேனை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அதுல பிரேக் இல்லடா" என்றேன்.

"தெரியும்ணே. பாபு சொன்னான். பம்ப் பண்ணி ஓட்டணுமாம்." வேன் பக்கம் நடந்துகொண்டே சொன்னான். "நானும் புள்ளகுட்டிக்காரன்ணே. இன்னா பண்ணச் சொல்ற?"

அவனிடம் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

6. இப்போது

நான் இப்போது படப்பையில் தண்ணீர் கேன் போடும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டெல்லாவை வேலையை விடச் சொன்னேன். "ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இன்னாத்த திங்கறது?" என்றாள். பிரேக் விஷயத்தைப் புகாராக எழுதிப் போடலாம் என்றேன். "எழுதிப் போட்டா மொதல்ல என்னத்தான் தூக்குவான். வேணாம்" என்றாள். பின் சீட்டிலாவது உட்கார் என்று கெஞ்சினேன்.

"முன்னாடி குந்தறவ மட்டும் பொம்பள இல்லயா? அவளுக்கு வூட்ல யாரும் இல்லயா?"

அவள் அதே முதல் சீட்டில்தான் உட்காருகிறாள். ஷட்டவுன் வந்தது, போனது. வேனுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பிரேக் அப்படியேதான் இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கர் வரும்போது பின்னால் நின்று பார்த்தாலே தெரியும், ஏழுமலை மிதிக்க மிதிக்கச் சிவப்பு லைட் விட்டு விட்டு எரியும்.

இதில் உள்ள பேர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அவள் இன்னும் அங்கே வேலை செய்வதால். இதை எழுதச் சொன்னவர்கள், அனுபவத்தில் கற்ற பாடத்தைச் சொல்லி முடி என்றார்கள். வண்டியில் கோளாறு இருந்தால் வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். உதவி கேட்கப் போகிற இடத்தில் வீட்டு ஆள் பேரைச் சொல்லாதீர்கள். இதையெல்லாம் செய்திருந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியவில்லை. ஒன்றும் நடந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

நாளைக்கு ஸ்டெல்லாவுக்கு ஏ ஷிஃப்ட். விடிகிற நேரத்துக்கு ஸ்டாப்பில் கொண்டுபோய் அந்த வேனில் ஏற்றிவிட வேண்டும். அவளை ஏற்றிவிடுவது நான்தான்.