எதிர்வீட்டுக் கிருஷ்ணன்

"நம்ம ரேணுகா போட்ற கிருஷ்ணன் பொட்டப்புள்ளயாம்பா. அதுவும் ஞாயித்துக்கெயம சர்ச்சுக்குப் போற புள்ளயாம்!"

மாமல்லபுரத்தில் படங்களுக்குச் சட்டம் அடிக்கும் ராஜாராம், யாரோ சொன்னதாக இதை டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். நிஜம்தான்.

தஞ்சாவூர்ப் பாணியில் யசோதையும் குழந்தையும் வரைவது ரேணுகாவின் பிழைப்பு. வளைகாப்புப் பரிசுக்காகச் செங்கல்பட்டிலிருந்து தேடி வருகிறார்கள். பென்சிலைத் தொடுமுன், எதிர்வீட்டு மார்கரெட்டின் பத்து மாதப் பெண் ஜெபாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். "போட்டோவுல புள்ள கீது, வெயிட்டு இல்லியே!" என்பாள். தொடையில் எத்தனை மடிப்பு, அந்தப் பாரத்துக்குத் தன் மணிக்கட்டு எப்படி வளைகிறது என்று பார்த்து அப்படியே பலகையில் இறக்குவாள். ஜெபாவின் மோவாயில் வழியும் எச்சில், கிருஷ்ணனுக்கு வெண்ணெயாகிவிடும்.

இத்தனை கொஞ்சலும் வாசற்படியோடு சரி. வேலை செய்யும் அறையில்தான் பூஜை அலமாரி. மார்கரெட்டை அவள் உள்ளே கூப்பிட்டதில்லை, மார்கரெட்டும் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை, ரேணுகாவின் வாசலில் விட்டிருந்த ஜெபா தவழ்ந்து படி தாண்டிவிட்டாள். தங்கத் தாள் ஒட்டி முடித்து நிறுத்தியிருந்த படத்தில், தன் ஜாடையிலிருந்த முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சிரித்தாள். ரேணுகா அவளைத் தூக்கி வெளியே விட்டாள். அதோடு நின்றிருக்கலாம். மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தை தவழ்ந்த இடமெல்லாம் தெளித்துத் துடைத்தாள். யோசித்துச் செய்யவில்லை, பிறந்த வீட்டில் பழகிய கை. நிமிர்ந்தால், தண்ணீர் பிடிக்கப் போயிருந்த மார்கரெட் குடத்தோடு வாசலில் நிற்கிறாள்.

"இன்னாக்கா, எம் புள்ள தொட்டா தீட்டா? நீ சாமின்னு வரஞ்சி வெச்சிகிறதே இவ மூஞ்சிதானே?"

"அப்டி இல்லடீ... அது கஸ்டமரு படம்..." ரேணுகா ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. படம் வாங்க வந்தவர்கள், "கொழந்த இன்னாமா சிரிக்குது!" என்று பூரித்தபோது ரேணுகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று சாயங்காலம் மார்கரெட்டுக்குப் போன் போட்டாள். மணி அடிப்பது தெருவுக்கே கேட்டது. கூடவே ஜெபாவின் மழலையும். எடுக்கத்தான் ஆளில்லை. போனைக் காதிலிருந்து இறக்காமலே தெருவைக் கடந்தாள். மார்கரெட் வீட்டுப் படிக்குக் கீழே நின்று ஒரு செருப்பைக் கழற்றினாள். சற்றுப் பொறுத்து மற்றதையும். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது.