டிவி பழசு என்று சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். ஸ்டெல்லா வீட்டுக் கதவு திறந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு முதுகு. அவள் மகள், பதின்மூன்று வயது ஜெனி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன், மடியில் புதிய கேம் மிஷின்.

அந்த வீட்டில் வைத்து, தெரிந்தே, ஒரு பொய் சொன்னேன். உங்களிடம்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அதற்கு முன் பத்திரிகை நிருபர். அதனால் கம்பெனியில் என் பெயரே பேப்பர்க்காரர். ஸ்டெல்லா செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். தூத்துக்குடிப் பக்கம். மகளை விடுதியில் விட்டே வளர்த்தவள். இங்கே மண்ணரையிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஜெனி தாயிடம் பேசுவதேயில்லை... ஒரே ஒரு முறை, தோழி வீட்டு டிவியில் கார் பந்தயம் விளையாடும்போது அவள் சிரித்ததை ஸ்டெல்லா பார்த்திருக்கிறாள்.

"அவகூட உக்காந்து நானும் வெளாடணும்ணே. தோத்தாலும் பரவால்ல." சாப்பாட்டு வேளையில் இரண்டு கேம் மிஷின்களின் படத்தைப் போனில் காட்டினாள். "பெருசு டிவில வருமாம். சின்னது வெல கம்மி. இதுவும் வருமாண்ணே?"

"பேப்பர்க்காரருக்குத் தெரியாததுங்களா? அமெரிக்கா வரைக்கும் மெயில் போடறவருங்க!" என்று பக்கத்து டேபிள் சரசு கிண்டலடித்தாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை! இரண்டு மிஷினும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். எங்கள் தொழிலில் ஒரு ஸ்டைல் பனியன் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரும். அளவு மாறும், துணியும் தையலும் மாறாது.

"அதே ஸ்டைல்தானுங்க, சைஸ் மட்டும் சின்னது. தாராளமா வருமுங்க" என்றேன்.

அவள் வாங்கிய பிறகுதான் படித்துப் பார்த்தேன். பெரியதை, டிவியோடு இணைத்த தாங்கியில் செருகினால் படம் டிவிக்குப் போகும். இரு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். சின்னதில் பட்டன்கள் உடம்போடு ஒட்டியவை. டிவிக்குப் படம் அனுப்பும் வழியே அதற்குக் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அது.

படித்த அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?...

அந்த ஞாயிறு, டிவியில் இணைத்துத் தரச் சொல்லி என்னை அழைத்திருந்த ஸ்டெல்லா கையில் கேபிளோடு டிவி முன் நின்றாள்.

"இத எதுல சொருகணும்ணே? சரிப்படலன்னா இந்த வாரத்துக்குள்ள கொண்டாங்க, பெருசா மாத்திக்கிடலாம்னு கடைல சொன்னாவ."

வழி திறந்தே இருந்தது! தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் போதும்...

"மிஷின்ல ஒண்ணுமில்லீங்க. உங்க டிவி பழசுங்க. புது டிவிலதான் வருமுங்க."

"அப்பச் சரிண்ணே. லீவு நாள்ல மெனக்கெட்டு வந்தீயளே" என்று டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்! ஜெனி திரும்பவேயில்லை.

செய்தியில் பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போட்டுப் பழகியவன் நான். இதற்கு என்ன செய்தேன்? கடைக்காரர் கொடுத்த வாரம் கழியும்வரை வாய் திறக்கவில்லை. இன்றும் திறக்கவில்லை... என்னை மன்னிக்கும்படி உங்களைக் கேட்கவுமில்லை.

புது டிவி வாங்குவதற்காக ஸ்டெல்லா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைமுக்கு வருகிறாள்.