கூடத்துக் கடலும் செப்புக்குடமும்

வீட்டுக் கூடத்தில் கடல் வளர்ப்பவனுக்கு, கோயில் அர்ச்சகரைப் போலவே, விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. கும்பகோணத்தில், காவிரிப் படித்துறைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் வீட்டில், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் அந்தக் கடல் இருக்கிறது. அமைத்தவள் என் மகள் அபிராமி. நான்கு ஆண்டுகள் வளர்த்தவளும் அவளே. சென்ற ஆனி மாதம் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, பராமரிப்புக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள். இரு வேளை நீராடிப் பதிகம் ஓதுவதன்றி வேறு அலுவல் இல்லாத ஓய்வூதியக்காரன் நான். இத்தகைய தொட்டியோடு அல்லல்படும் அன்பர்கள் எவ்வூரில் இருந்தாலும், கீழே உள்ளவற்றைப் படித்து, துணைக்கு ஒருவன் உண்டென்று ஆறுதல் கொள்க.

நாற்று

தொட்டியின் நடுப்பாறையில் காளான் குடை போன்ற பவளம் ஒன்று இருந்தது. கல்லைப் போல் இறுகியதன்று. தோல் போல் மிருதுவானது. பவளம் ஓர் உயிர் என்பதையே நான் அறுபது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். விளக்கு எரிந்ததும் அதன் தலையெங்கும் பச்சை இழைகள் ஆயிரக்கணக்கில் எழுந்து நீரோட்டத்தில் அசையும். காற்றில் அசையும் நாற்றங்காலை அப்படியே சுருக்கி வைத்தாற்போல் இருக்கும். அபிராமி அதற்கு நாற்று என்றே பெயர் வைத்திருந்தாள். கட்டைவிரல் அளவில் வாங்கியது, அவள் கையில் சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்திருந்தது.

வாசலில் கார் நிற்க, பெட்டியை ஏற்றிவிட்டு மறுபடி உள்ளே ஓடிவந்தாள். ஏதோ மறந்துவிட்டாள் போலும் என்று எண்ணினேன். தொட்டியருகே நின்று சொன்னாள்: "அப்பா, மீன் போனாப் போவுது, வேற வாங்கிக்கலாம். நாத்தை மட்டும் பொங்கலுக்கு நான் வர்றப்ப எங்கிட்ட உயிரோட குடுத்துடுங்க."

குளிர்பெட்டியில் ஒரு கட்டி

எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்த்துத்தான் அனுமதி. தொட்டியிலுள்ள இரண்டு கோமாளி மீன்களுக்கோ உறைய வைத்த பொடி இறால்தான் ஆகாரம். அபிராமி இருந்தவரை அதைத் தன் அலுவலகத்துக் குளிர்பெட்டியில் வைத்து, அன்றாடம் ஒரு துண்டு கொண்டுவந்து கொண்டிருந்தாள் என்பது அவள் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. வேறு வழியின்றி அந்தப் பொட்டலத்தை மூன்று உறைகளில் சுற்றி, எங்கள் குளிர்பெட்டியின் மேல்தட்டில் ஒதுக்குப்புறமாக வைத்தேன்.

அதைக் கண்டுபிடித்த என் மனைவி கற்பகம், தயிர் முதலாகத் தன் பொருள்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பெட்டியையே காலி செய்தாள். பிறகு, சாதம் பரிமாறும்போது நிதானமாகச் சொன்னாள்: "எங்கப்பா குலம் பாத்தாரு, கோத்திரம் பாத்தாரு, ஜாதகம் பாத்தாரு. மாப்பிள்ளை ஃப்ரிட்ஜுல எறால் வைப்பாரான்னு கேக்கத்தான் மறந்துட்டாரு."

நன்னிலத்து மைத்துனர்

கற்பகத்தின் தம்பி ராஜமாணிக்கத்துக்கு நன்னிலம் பக்கத்தில் நெல் சாகுபடி. ஒரு நாள் அவர் வந்தபோது, மீன் தொட்டியின் நீரை மாற்றுவதற்காக நான் வேறொரு பெரிய தொட்டியில் சுத்திகரித்த நீரை நிரப்பி, அதற்கென்றே விற்கும் கடலுப்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அளவுக் கருவியைப் பார்ப்பதும், ஒரு பிடி போடுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கடைமடையில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிப் பயிர் கருகியதைக் கண்டவர் அவர்.

"என்ன அத்தான் பண்றீங்க?" என்று கேட்டார். கடல்நீர் தயாரிப்பதாகச் சொன்னேன். நாற்காலியில் அமர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவை அழைத்தார்: "அக்கா, உப்புத் தண்ணி வந்துடக் கூடாதுன்னு நாங்க அங்க கோயில் கோயிலா வேண்டிக்கிட்டுக் கெடக்குறோம். அத்தான் இங்க உக்காந்து கைப்பட செஞ்சுகிட்டு இருக்காரு!"

திருமஞ்சனம்

தொட்டி நீர் நாள்தோறும் சிறிது ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்திகரித்த நீரைக் காலையில் ஊற்றி ஈடு செய்ய வேண்டும். அபிராமி இதற்கு ஒரு நீல பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தாள். நீராடி, திருநீறு அணிந்து, பதிகம் ஓதியபடி ஊற்றுகிற நீரைப் பிளாஸ்டிக் வாளியில் ஏந்த எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆடிப்பெருக்கன்று, பூசை அறையில் இருந்த செப்புக்குடத்தைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துவந்தேன். அன்று முதல் இரவே குடத்தில் நீர் நிரப்பி மூடி வைத்து, காலையில் அதையே ஊற்றினேன்.

நோட்டில், 'உலோகம் எதுவும் தண்ணீரில் படக் கூடாது' என்று அவள் எழுதியிருந்ததை நான் படிக்காமலில்லை. இரும்பாணி, துருப்பிடித்த கத்தரி ஆகியவற்றைக் குறிப்பதாகவே கொண்டேன். செம்பை உலோகம் என்று நினைக்கும் வழக்கம் எனக்கு இல்லை, அது பாத்திரம். எங்கள் பாராயணக் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தாராசுரத்திலிருந்து வந்திருந்தார். நான் குடத்தைச் சாய்த்து நீர் வார்ப்பதைக் கைகூப்பி நின்று பார்த்தார். "காவேரிக்குப் படையல் போடுறவங்களைப் பாத்திருக்கேன். சமுத்திரத்துக்கே அபிஷேகம் பண்றவரு நீங்க ஒருத்தர்தான். கொடுத்து வச்சவரு!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைத் தரிசனம்

மீன்களைச் சுத்தம் செய்வதற்கென்று அபிராமி தொட்டியில் விட்டிருந்த இறால், புரட்டாசியில் ஒரு நாள் மல்லாந்து கிடந்தது. ஓடு கழற்றியிருக்கும் என்று கருதினேன், கழன்றது உயிர். அடுத்து, பாசி மேயும் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. பிறகு நாற்று இழைகளை உள்ளிழுத்துக்கொண்டு மொட்டையாயிற்று. 'சில நாள் மூடிக்கொண்டு தோல் உரிக்கும், பயம் வேண்டாம்' என்று நோட்டில் இருந்தது. பத்து நாள் பயப்படாமல் இருந்தேன். அதன் பின் ஓரங்கள் கறுத்து அழுகத் தொடங்கின. மீன்கள் இரண்டும் கவலையின்றித் திரிந்ததால் நீரில் குற்றமில்லை என்றே முடிவு செய்து, இன்னும் பக்தியோடு குடத்தைச் சாய்த்தேன்.

ஞாயிறுதோறும் அபிராமி வீடியோவில் அழைப்பாள். "நாத்து எப்படிப்பா இருக்கு?" என்பாள். நான் கைப்பேசியை மீன்களின் பக்கம் திருப்பி, "பார், எவ்வளவு துறுதுறுப்பு!" என்பேன். மூன்று வாரம் இவ்வாறு சென்றது. பொய் என்று ஒரு சொல்லும் நான் உரைக்கவில்லை என்று கற்பகத்திடம் விளக்கினேன். "ஆமா, நீங்க எங்க சொன்னீங்க? உங்க ஃபோனுல்ல சொல்லுச்சு," என்றாள்.

சகாயராஜ் வந்தார்

தஞ்சாவூரில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவர் சகாயராஜ். பொருள்களை அபிராமி வாங்குவது அவரிடம்தான். நிலைமையைத் தொலைபேசியில் சொன்னதும், பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே வண்டியில் வந்துவிட்டார். உப்பை அளந்தார், சரி. வெப்பத்தை அளந்தார், சரி. "என்ன தண்ணி ஊத்துறீங்கய்யா?" என்றார். எனக்குப் பெருமிதமே வந்தது. சுத்திகரித்த நீர்; அதுவும் இரவு முழுதும் செப்புக்குடத்தில் வைத்தது என்றேன்.

கையிலிருந்த டார்ச் விளக்கைக் கீழே வைத்துவிட்டார். பெட்டியிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து, தொட்டி நீரில் சில சொட்டு மருந்து விட்டுக் காட்டினார். நிறம் மாறியது. செம்பு மீனுக்கு மருந்தாகும் அளவிலேயே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்றும், சுத்திகரித்த நீர் செம்பை எளிதில் அரித்து எடுத்துக்கொள்ளும் என்றும் விளக்கினார். பாற்கடலில் எழுந்த நஞ்சை மிடற்றில் அடக்கியவனை நாள்தோறும் பாடுகிறவன் நான். பாடிக்கொண்டே என் மகளின் கடலுக்கு நஞ்சை வார்த்திருக்கிறேன். சகாயராஜ் நாற்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் இருந்தது. சவர பிளேடால் அந்தத் துண்டை அறுத்து, சிறு கல்லில் நூலால் கட்டி, புதுக் கடல்நீர் நிரப்பிய தனித் தொட்டியில் வைத்தார். அழுகியதை வெளியே எடுத்தார். புறப்படும்போது குடத்தைத் தொட்டுப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாமிக்கு ஆவுறதெல்லாம் எறாலுக்கு ஆவாதுங்கய்யா."

பொங்கல்

அந்தத் துண்டு இரண்டு மாதம் மொட்டையாகவே கல்லின்மேல் இருந்தது. மார்கழி முழுதும், விடியலில் பாடிவிட்டு, நான் முதலில் போய் நின்றது அதன் முன்னால்தான். ராஜமாணிக்கம் மட்டும், பறித்து நட்டது வேர் பிடிக்கச் சில நாள் வாடத்தான் செய்யும் என்று ஃபோனில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் ஒரு காலை, அதன் தலையில் ஏழெட்டுப் பச்சை இழைகள் எழுந்திருந்தன. கற்பகத்தை அழைத்துக் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து எண்ணிப் பார்த்தாள்.

போகிக்கு முதல் நாள் அபிராமி வந்தாள். பெட்டியை இறக்குவதற்குள் அவளைப் பூசை அறைக்கு அழைத்துச் சென்று குடத்தைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மீன்களின் பக்கம் கைப்பேசியைத் திருப்பியதையும் சொன்னேன். அவள் கூடத்துக்கு வந்து, தனித் தொட்டியின் முன் குனிந்து, கட்டைவிரலைக் கண்ணாடியோடு ஒட்டி அளந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "நான் வாங்கினப்பவும் இதே சைஸ்தாம்ப்பா."

செப்புக்குடம் இப்போது பூசை அறையில் மாவிலை தாங்கி ஓய்வாக வீற்றிருக்க, தீட்டென்று நான் ஒதுக்கிய நீல பிளாஸ்டிக் வாளிதான் பதிகம் கேட்டுக்கொண்டு நாள்தோறும் கடலுக்குத் திருமஞ்சனம் செய்துவருகிறது.