கையெழுத்துப் போட மாட்டேன்

எங்கள் இரும்புக் கதவுப் பட்டறையின் மாடியில்தான் ஆபீஸ். கீழே வெல்டிங் பொறி பறக்கும். மேலே பட்டாசக்கா வெடிப்பாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக வரைபடங்களைச் சரிபார்த்து மெயிலில் அனுப்புவது அவள் வேலை. அனுப்புவதற்கு முன் ஃபைல் சேர்ந்திருக்கிறதா என்று திரையில் விரல் வைத்துப் பார்ப்பாள். "ஸ்கிரீன் அழுக்காகுதுக்கா" என்று பக்கத்து மேஜையிலிருந்து நான் சீண்டுவேன். "திட்டு வாங்குறதுக்கு அழுக்கு தேவலாம், போடா" என்பாள்.

புது மேனேஜர் வந்த வாரமே ஓர் உத்தரவு போட்டார். எல்லாரும் மெயிலின் அடியில் கம்பெனி லோகோ வைக்க வேண்டுமாம். வைத்தோம். பதில், பதிலுக்குப் பதில் என்று மெயில் நீள நீள, பழைய லோகோக்களும் கூடவே தொற்றிக்கொண்டு வந்தன. மெயில் பெட்டிக்கு லோகோவும் ஒன்றுதான், வரைபடமும் ஒன்றுதான். எல்லாவற்றையும் இணைப்பு என்றே வரிசையில் காட்டும். வெறும் "சரி, நன்றி"க்குக்கூடப் பக்கத்தில் கிளிப் படம். அப்புறம் அதை யார் மதிப்பார்கள்?

அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபத்திரண்டு கதவுகள் செய்துகொண்டிருந்தோம். வேலைக்கு நடுவில் கதவின் அகலம் மாறியது. புது வரைபடத்தை அக்கா, நீண்டுகொண்டே போன அந்த வேலையின் மெயிலிலேயே சேர்த்து மேனேஜருக்கு அனுப்பினாள். அவரோ வெல்டர்களிடம் பழையதையே கொடுத்திருக்கிறார். அத்தனை கதவும் இரண்டு அங்குலம் குறைவு. முதலாளி தாம் தூம் என்று குதித்தார். மேனேஜர் அசரவே இல்லை. "புது வரைபடம் வரவே இல்ல சார். வெறும் லோகோதான் வந்துச்சு" என்றார்.

மறுநாள் காலை அக்காவின் மேஜையில் டைப் செய்த தாள் ஒன்று. 'வரைபடத்தை இணைக்கத் தவறிவிட்டேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். போட்டால் வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டுக்காரரோ போனில், "போட்டுட்டு வா, வேற வேலை பாத்துக்கலாம்" என்றார்.

"செய்யாத தப்ப ஒத்துக்கிட்டவளுக்கு எவன் வேலை குடுப்பான்? போன வைங்க." அவள் குரல் மாடி முழுக்கக் கேட்டது. நான் தலையைக் குனிந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு அவள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "கையெழுத்துப் போட மாட்டேன் சார். நான் அனுப்பினது என் மெயில்ல இருக்கு."

"உங்க மெயில்ல இருந்தா எனக்கென்னம்மா? எனக்கு வந்தத நீங்களே பாருங்க." அவர் தம் போனை நீட்டினார். மூன்று குட்டிப் படங்கள். மூன்றும் லோகோ. நாலாவது கட்டத்தில் பொடி எழுத்தில் '+6' என்றிருந்தது.

"இது என்ன சார்?"

"ஏதோ நம்பர்."

அக்கா அதன் மேல் விரலை வைத்தாள். மீதி ஆறும் விரிந்தன. லோகோ, லோகோ, லோகோ, லோகோ, லோகோ. கடைசியில் புது வரைபடம், தேதியோடு.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "சரி சரி, இது யாருக்கும் நடக்கறதுதான். ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு மாத்தி எழுதிக்கலாம்" என்றார்.

"புது அளவு இணைப்புல இருக்குன்னு எழுதியிருந்தேனே? காணோம்னா ஒரு வார்த்தை கேட்டீங்களா? லோகோ வைக்கச் சொன்னது நீங்க. திறந்து பாக்காதது நீங்க. இதுல என் தப்பு எங்க வந்துச்சு?"

சத்தம் கேட்டு முதலாளி வாசலில் வந்து நின்றதை அவள் கவனித்தாள். ஆனால் குரலைக் குறைக்கவில்லை. தாளை மேஜையில் விரித்து, 'இணைக்க' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'பார்க்க' என்று எழுதினாள். பேனாவை மேனேஜரிடம் நீட்டினாள்.

"இப்ப சரியா இருக்கு. போடுங்க சார்."