சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லி வாங்கிய எச்சில்

என் அம்மாவின் எச்சிலைத் தம்பி சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லித்தான் வாங்கினான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதையெல்லாம் அவன் தெரியாமல் செய்தான் என்று ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொண்டாலும், இதை மட்டும் தெரிந்தேதான் செய்தான்.

அவன் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். நான் கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எழுபத்து மூன்று வயதாகும் அம்மா என்னோடு இருக்கிறாள். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், இறந்து ஒன்பது வருடமாகிறது. கோயமுத்தூர் வருவதற்கு முன்பு அவர்கள் இருவரும் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்கு இருந்தார்கள். நான் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது ஊரை விட்டு வந்தோம். மில்லில் வேலை கிடைத்தது, வந்தோம் என்றுதான் அப்பா சொல்வார்.

தம்பியின் ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருவன் தன் பரம்பரையைச் சோதித்து வந்த ரிப்போர்ட்டை எல்லோருக்கும் போனில் காட்டியிருக்கிறான். வட்டமாக ஒரு படம், அதில் நாலைந்து நிறங்கள். "எங்க ரத்தத்துல கலப்பே இல்ல, பாத்துக்க" என்றவன், தம்பியைப் பார்த்து, "உங்காளுகளுக்கு எடுத்தா என்ன வருமோ" என்று சிரித்தானாம். அன்று தம்பி நேராக என் வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் கொதித்துப் போயிருந்தது.

"அக்கா, நாமதான் இந்த மண்ணோட ஆதி சனம்னு எடுத்துக் காட்டறேன். அவன் மூஞ்சில வீசறேன்."

அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரிந்தது. இந்த ஊரில் அப்படிச் சிரிக்கிறவர்கள் நடுவில் படித்து, வேலை வாங்கி, வீடு வாடகைக்குப் பிடித்து வந்தவள் நான். அதனால்தான் அவன் வரவழைத்த டி.என்.ஏ. சோதனைப் பெட்டியின் குழாயில் நானும் துப்பிக் கொடுத்தேன். கூட வந்த தாளில் எறும்பு எறும்பாக ஆங்கில எழுத்து. கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதாதே என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளைத் திட்டுகிற நான், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

தம்பி அம்மாவிடம் இன்னொரு குழாயை நீட்டியபோது, "என்னடா இது, துப்பச் சொல்றே?" என்றாள்.

"சர்க்கரை டெஸ்ட்டும்மா. இப்பெல்லாம் ஊசி குத்தறதில்ல."

ஊசி இல்லை என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம். அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்றதால் காப்பியைக்கூடத் தள்ளி வைத்தாள். வாய் காய்ந்து போயிருந்தது. குழாயில் போட்டிருந்த கோடு வரைக்கும் நிரப்ப வெகுநேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. அந்த ஆபீஸ்காரனின் வட்டத்தில் இருந்த அதே நிறங்கள்தான் தம்பியின் வட்டத்திலும் இருந்தன, கொஞ்சம் கூடக் குறைய. அதை அவன் யார் மூஞ்சியிலும் வீசவில்லை. ஏனென்றால் அதன் கீழே சொந்தக்காரர்கள் பட்டியல் என்று ஒன்று இருந்தது. நானும் அவனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் தகப்பன் வேறு என்றது அது. என் பெயருக்கு நேராக அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒரு இளைஞனை நெருங்கிய சொந்தம் என்றும் காட்டியது.

தம்பி எனக்குப் போன் செய்யவில்லை. அம்மாவிடம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, பெருந்துறையிலிருந்து காங்கேயம் வரைக்கும் எங்கள் சொந்தமெல்லாம் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டான். வாயைப் பிளந்த மஞ்சள் மூஞ்சி இரண்டு வேறு.

ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தேன். அதற்குக் கீழே என் சித்தி எழுதியிருந்தாள்: "எனக்கு அப்பவே சந்தேகம்." என் முகத்தை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எதற்குத் தொட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வராந்தாவுக்கு வந்து அவனைக் கூப்பிட்டேன். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னயா?"

"உண்மைதானேக்கா? எத்தனை நாளைக்கு மறைக்கறது?"

"யாரோட உண்மைடா அது? உன்னோடதா?"

 படத்தை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தான். அதற்குள் எல்லோரும் பார்த்தாயிற்று. அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன்கள் வரத் தொடங்கின. யாரும் நேராகக் கேட்கவில்லை. சௌக்கியமா என்று ஆரம்பித்து அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூன்றாவது போனுக்கு அப்புறம் அம்மா போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அவன் செய்த இன்னொரு காரியமும் பிறகுதான் தெரிந்தது. அந்த அமெரிக்கப் பையன், "நாம் ரொம்ப நெருங்கிய சொந்தம் போல. நீங்கள் எந்தக் கூட்டம்?" என்று என் பெயருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். குலத்தைக் கேட்க எங்கள் பக்கம் உள்ள கேள்வி அது. எங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. குடியிருந்த தெருவை வைத்தே எங்களைத் தெரிந்துகொள்வார்கள். சோதனைக் கம்பெனியின் வெப்சைட்டில் இருந்த என் கணக்கும் தம்பியின் கையில்தான் இருந்தது. நானாக நடித்து, அப்பா அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயர் வரைக்கும் அவன் பதில் எழுதிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன், அமெரிக்கப் பையனின் அப்பா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளை வேட்டி சட்டை. என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தவர் அதற்கப்புறம் சுவரைப் பார்த்தே பேசினார்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பையன் வெவரம் தெரியாம பண்ணிப்போட்டானுங்க. எங்கப்பாவும் காலமாகிப் பல வருசமாச்சுங்க."

நான் கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவருடைய அப்பா எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். இவருக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது. பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். அவர்கள் குடும்பத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, எந்தக் காலத்திலும் சொத்தில் பங்கு கேட்கமாட்டேன் என்று டைப் அடித்திருந்தது. அடியில் என் பெயர், பிழையில்லாமல்.

"நான் உங்ககிட்ட எதையாச்சும் கேட்டனுங்களா?"

"இல்லீங்க. நாளைக்கு உங்க புள்ளைங்க கேக்கலாமுங்களே. ஒரு கையெழுத்துதானுங்க."

இத்தனை 'ங்க' போட்டு ஒருவரை இவ்வளவு கேவலப்படுத்த முடியும் என்று அன்றுதான் கண்டேன்.  தாளைக் கிழித்து அவர் மடியில் போடத்தான் எழுந்தேன். அதற்குள் உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்து நின்றாள்.

"அன்னிக்கு உங்கப்பன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு நீ எம் மககிட்டக் கையெழுத்து கேக்கறே. எந்திரிச்சுப் போ."

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை அம்மா 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் பேச்சு வரும்போதெல்லாம், அவர்கள் எதிரில் இல்லாவிட்டாலும், அவள் குரல் தானாகப் பணிந்துவிடும். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. அம்மா அதுவரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "உங்கப்பாவுக்குத் தெரியும் அம்மணி. தெரிஞ்சுதான் உன்னையத் தூக்கிட்டு பஸ் ஏறினாரு."  அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஐம்பது வருடம் அவள் காத்து வைத்ததை ஆளாளுக்குக் கிளறியது போதும் என்று இருந்தது.

மறுநாள் தம்பியை வரச் சொன்னேன். அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சர்க்கரை எவ்வளவுடா இருந்துச்சு?"

கையில் எடுத்த கவளத்தோடு அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. அவனை அந்தக் கேலி எவ்வளவு சுட்டது என்று தெரியும். ஆனால் அந்தச் சூட்டை ஆற்றிக்கொள்ள அவன் எடுத்தது அம்மாவை. ஒரு பெண் சம்மதித்தாளா என்று கேட்கவே தோன்றாதவன் அந்தத் தோட்டத்துக்காரன். இவனுக்கும் தோன்றவில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "போதும் கண்ணு, சாப்புடட்டும்" என்றாள் அம்மா.

அவனை என் முன்னால் உட்கார வைத்து மூன்று பேர் கணக்குகளையும் அழிக்கச் சொன்னேன். "அந்த எச்சிலத் திருப்பி வாங்க முடியுமா?" என்று அம்மா கேட்டாள். சோதனைக் கம்பெனிக்கு எழுதினேன். மிச்சமிருக்கும் எச்சிலை அழித்துவிடுவார்களாம். ஏற்கெனவே ஆராய்ச்சிக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாதாம். எங்கள் நம்பிக்கைக்கு நன்றியாம். எந்த நம்பிக்கை? எழுபத்து மூன்று வயதுக்காரி ஒருத்தியின் எச்சில் கடல் தாண்டி வருகிறது, இது அவள் மனதறிந்து கொடுத்ததுதானா என்று கேட்க அந்தக் கம்பெனியில் ஒரு ஆள் இல்லை. ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். அதை யார் அடித்தால் என்ன?

அம்மா நான்கு ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு தானே புடவை கட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். கோயில் வாசலில் சித்தி கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாக்கா?" என்றாள். "உனக்கெதுக்கு அது?" என்று கையை விடுவித்துக்கொண்டு அம்மா உள்ளே போனாள்.

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர், மகன் பிறந்தநாளுக்கு அந்தச் சோதனைப் பெட்டியை வாங்கப் போவதாகச் சொன்னார்.

"உங்க வீட்டுல எல்லாரையும் கேட்டீங்களா?" என்றேன்.

"துப்பப் போறது எம் பையன்தானுங்களே, மத்தவங்கள எதுக்குங்க கேக்கணும்?"

நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். மணி அடித்தும் யாரும் வகுப்புக்கு எழவில்லை. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. பெட்டியை வாங்கினாரா என்றும் தெரியவில்லை.