சிவப்பு ஒயர் மைனஸ்

முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டேன். நான் கொடுத்த கனெக்‌ஷனால் ஒரு ஓவன் பற்றி எரியப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். தடுத்தது நான் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் ஷாப். எரிந்துபோன மோட்டார்களின் காயிலைப் புதிதாகச் சுற்றி, வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்துச் சுடுவார்கள். ஓவன் ஒரு பீரோ அளவு இருக்கும். நூற்று முப்பது டிகிரியில் நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினால் வார்னிஷ் கருகும். ரொம்பக் கூடினால் உள்ளே சேர்ந்த வார்னிஷ் ஆவி தீப்பிடித்துக்கொள்ளும்.

ஓவனைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டெல்லா அக்கா. ஐம்பத்தைந்து வயது. ராயபுரத்தில் தனியாக இருந்தார், கணவர் இல்லை. பஸ் பிடித்து எட்டரைக்கெல்லாம் ஷாப்பில் இருப்பார். முதலாளி பாஸ்கர் அவரைவிட இருபது வயது சின்னவர்.

ஒரு சனிக்கிழமை காலையில் பாஸ்கர் போன் செய்தார்.

"அண்ணே, ஒய்ஃபை தெர்மோஸ்டாட் வாங்கி வச்சுகினு கீறேன். பழச கழட்டிட்டு இத மாட்டிக் குடுங்க. வூட்ல இருந்தே போன்ல ஓவனப் பாத்துக்கலாம்."

பழசும் புதுசும்

சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தப் பழைய தெர்மோஸ்டாட் ரொம்ப எளிமையானது. ஒரு குமிழ், இரண்டு ஒயர். ஒன்றில் ஃபேஸ் வரும், இன்னொன்று ஹீட்டருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சுக்குப் போகும். சூடு ஏறியதும் உள்ளே தொடர்பு விட்டுப்போகும், கான்டாக்டர் 'டக்' என்று விழும், ஹீட்டர் நிற்கும். புதியது அப்படி இல்லை. திரை எரியவும் ஒய்ஃபை பிடிக்கவும் அதற்கே எப்போதும் கரண்ட் வேண்டும். பழைய பெட்டியில் நியூட்ரல் கிடையாது. பேனலில் இருந்து தனியாக ஒரு நியூட்ரல் இழுத்தேன். அதற்கே ஒரு மணி நேரம் போனது.

பழைய குமிழைக் கழற்றும்போது அதன் விளிம்பில் அரத்தால் போட்ட மூன்று வெட்டுகளைப் பார்த்தேன். யாரோ விளையாட்டாகப் போட்டது என்று விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா வந்து புதிய பெட்டியைத் தடவினார்.

"இன்னா ஏகாம்பரம், வழவழன்னு கண்ணாடி மாரி கீது? திருவுறது எங்க?"

"திருவுறது இல்லக்கா. தொட்டா போதும். நம்பர் பெருசா தெரியுது பாருங்க."

அவர் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். புதுசு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக சென்சார். சூட்டை அளக்க ஓவனுக்குள் நுழைக்கும் தெர்மோகப்பிள் கம்பி. நான் அதுவரை போட்டதிலெல்லாம் பச்சை ப்ளஸ், வெள்ளை மைனஸ். இதில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. சிவப்பு என்றால் ப்ளஸ்தானே என்று கை தானாகப் போய்விட்டது. கூட வந்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினின் மோட்டார் ஒன்று ஓவனுக்குள் இருந்தது. ஆன் செய்துவிட்டு, பாஸ்கரின் போனில் ஆப்பை ஏற்ற ஆபீஸ் ரூமுக்குப் போனேன். ஒய்ஃபை பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. நானும் பாஸ்கரும் அந்தப் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

வெளியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "ஏகாம்பரம், கான்டாக்டர் இன்னும் விழல."

"இப்பத்தானக்கா போட்டோம். விழும்."

கொஞ்ச நேரத்தில் அவரே வாசலுக்கு வந்துவிட்டார். "இந்நேரம் ரெண்டு தபா விழுந்திருக்கணும். வார்னிஷ் வாசனையும் மாறிப்போச்சு. வாப்பா, சொல்றேன்ல."

அவர் முகத்தைப் பார்த்ததும் ஓடினேன். திரையில் மைனஸ் தொண்ணூறு என்று இருந்தது. ஓவனோ பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்குக் கொதித்தது. மெயினை அடித்து இறக்கினேன். புகைவிடும் ஃபேன் தனி லைன் என்பதால் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் திறக்காமல் அப்படியே விட்டு ஆறவைத்தோம். மோட்டார் தப்பியது, மேல் வார்னிஷ் மட்டும் கறுத்திருந்தது.

தாளை அப்போதுதான் பிரித்தேன். அந்தக் கம்பியில் சிவப்புதான் மைனஸ். மாற்றிக் கொடுத்ததால் சூடு ஏற ஏறத் திரையில் எண் இறங்கியிருக்கிறது. இன்னும் சூடு வேண்டும் என்று தெர்மோஸ்டாட் ஹீட்டரை விடாமல் ஓட்டியிருக்கிறது.

ஒயரைச் சரிசெய்தேன். பாஸ்கர் ஆபீஸில் இருந்தார். நான் பேனலில் நின்றபடி கேட்டேன். "அக்கா, இப்ப எவ்ளோ காட்டுது?"

அவர் திரைக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"நீயே வந்து பாரேன்" என்றார்.

குமிழில் இருந்த மூன்று வெட்டுகளும் எதற்கென்று அப்போது புரிந்தது. அவற்றை விரலால் தடவித்தான் இத்தனை நாளும் சூட்டை வைத்திருக்கிறார்.

"எவ்ளோ நாளாக்கா?"

"வலது கண்ணு போயி ரெண்டு வருசம். இடதுல நெழலாட்டம் தெரியுது. மொதலாளிகிட்ட சொல்லாத. வூட்டுக்கு அனுப்பிடுவாரு. வூட்ல போயி இன்னா பண்ணுவேன்? செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீறதுன்னாக்கூட, அந்த செவுரு தெரியணுமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"கை வெந்துட்டா இன்னாக்கா பண்ணுவீங்க? நான் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க. என் தப்ப நான் மொதல்ல சொல்லிடறேன்."

ஆபீஸுக்குப் போய், சென்சாரை மாற்றிக் கொடுத்தது நான், ஷாப்பைக் காப்பாற்றியது அக்கா என்று பாஸ்கரிடம் சொன்னேன். அக்கா கதவருகே நின்று, தன் கண்ணைப் பற்றி நாலே வார்த்தையில் சொல்லி முடித்தார்.

பாஸ்கரின் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு வருசமா? அந்தக் கொதிக்கிற கதவ ரெண்டு வருசமா கண்ணு தெரியாமத் தொறந்துகினு இருந்தீங்களா?" என்றவர் விடுவிடென்று வெளியே போனார். அக்கா மெதுவாகச் சாப்பாட்டுப் பையைத் தேடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. பாஸ்கர் வாசலில் நின்று கத்தினார். "வாங்கக்கா, குந்துங்க. இன்னிக்கு கண் டாக்டர் ஒரு மணி வரைக்கும்தான் இருப்பாரு."

திங்கட்கிழமை

கண்ணில் அழுத்தம் ஏறும் நோய். வலது கண் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணில் மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றாராம்.

ஓவனில் மோட்டாரை ஏற்றி இறக்க பாஸ்கர் வேறு ஆளைப் போட்டார். சூட்டைப் பார்ப்பது அக்காவின் பொறுப்பாகவே இருந்தது. எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதியை அவருடைய போனில் போட்டு, ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். தொட்டால் டிகிரியைத் தமிழில் சொல்லும். சூடு எல்லை தாண்டினால் தானே ஹீட்டரை நிறுத்தும்படி ஒரு கட்-அவுட்டும் என் செலவில் தனியாக மாட்டினேன்.

முதல் நாள் போன் "நூற்று இருபத்தெட்டு" என்றதும் அக்கா அதனிடம், "எனக்குத் தெரியும், நீ சொம்மா இரு" என்றார். பாஸ்கர் சிரித்த சிரிப்பு தெரு வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகு, தாளைப் படிக்காமல் நான் ஒயரைத் தொட்டதில்லை. அது ஒன்று. இன்னொன்று, பழைய சாமானைக் கழற்றும் முன் அதை ஓட்டுகிறவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இத நீங்க எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்பேன். அவர் பேசி முடிக்கும் வரை ஸ்க்ரூ டிரைவர் பையிலேயே இருக்கும்.